முன்கதை இல்லாத சாவி

2020 மே மாதம் ஜி2ஏ என்ற கேம் சாவிச் சந்தை (கணினி கேமைத் திறக்கும் குறியீடுதான் சாவி), செக் நாட்டின் தலைநகர் ப்ராகில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்துக்கு 39,600 டாலர் கொடுத்தது. ‘ஃபேக்டோரியோ’ என்ற தொழிற்சாலை கட்டும் கேமை உருவாக்கியவர்கள் இந்த வூப்காரர்கள். கொடுத்த பணம் பரிசல்ல, லாபப் பங்கும் அல்ல. திருட்டு கார்டில் வாங்கிய 198 ஃபேக்டோரியோ சாவிகள் தன் தளத்தின் வழியே கைமாறியிருக்கின்றன என்று ஜி2ஏ ஒப்புக்கொண்டு கொடுத்த ஈடு. அவை விற்றுப் போனது 2016 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில். உண்மை வெளியே வர 4 வருஷம் பிடித்திருக்கிறது.

அவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் திருட்டுச் சரக்கு என்று தெரிந்து வாங்கியிருப்பார்கள்? கூகுளில் கேமின் பெயரைத் தட்டியிருப்பார்கள், ஸ்டீம் என்ற பெரிய இணையக் கேம் கடையைவிட விலை குறைவாக ஒரு கடை கண்ணில் பட்டிருக்கும், கார்டை நீட்டியிருப்பார்கள். சாவியை உள்ளிட்டதும் கேம் திறந்திருக்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இருக்கிறது. சாவியைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவரால் சொல்ல முடியாது.

ஸ்டீம் சாவி என்பது பொதுவாக எழுத்தும் எண்ணும் கலந்த 15 குறிகள்; ஐந்தைந்தாகப் பிரித்து நடுவில் கோடு போட்டிருப்பார்கள். கேம் தயாரிப்பாளர் கேட்டால் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இந்தச் சாவிகளை இலவசமாகவே உருவாக்கித் தருகிறது. அவற்றை வெளியே விற்றுவரும் காசில் வால்வ் பங்கு கேட்பதில்லை. ஸ்டீமுக்குள் விற்றால் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் நிறுவனம், இங்கே கையை நீட்டாமல் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். தயாரிப்பாளர் தன் சொந்த இணையக் கடையில் விற்கலாம். ஹம்பிள், ஃபேனடிகல், கிரீன் மேன் கேமிங் போன்ற அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குக் கொடுக்கலாம். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் போட்டவர்களுக்கு அனுப்பலாம். விமர்சனம் எழுதுபவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் எந்த வாசல் வழியாக வெளியே போனாலும் சாவியின் தோற்றம் ஒன்றுதான். 60 டாலர் கொடுத்து வாங்கியதும், யூடியூபர் என்று பொய் சொல்லி வாங்கியதும், திருட்டு கார்டில் எடுத்ததும் ஒரே மாதிரி 15 குறிகள். பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் கேட்கிறோம், இஞ்சின் நம்பரைச் சரிபார்க்கிறோம். சாவிக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

இந்த வெற்றிடத்தின் மேல் எழுந்தவைதான் ஜி2ஏ, கிங்குயின், எனெபா போன்ற தளங்கள். இவை பெரும்பாலும் கடைகள் அல்ல, சந்தைகள். யார் யாரோ விற்கிறார்கள். தளம் இடத்தைக் கொடுத்துக் கமிஷன் எடுக்கிறது. கேம் நிறுவனத்துக்கும் இவர்களுக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்காது. சட்டப்படி கறுப்புச் சந்தை என்று சொல்லிவிட முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் ‘கிரே மார்க்கெட்’ என்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இது புரியச் சிரமமே இல்லை. பர்மா பஜாரில் பொருள் வாங்கும்போது பில் கேட்பவர் உண்டா?

எல்லாச் சாவியும் திருட்டுச் சாவி என்று சொன்னால் அது பொய். அங்கே விலை குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒருவர் ஹம்பிள் தொகுப்பில் 8 கேம் வாங்கி, வேண்டாத 5 சாவிகளை விற்கிறார். இன்னொருவர் தள்ளுபடிக் காலத்தில் நூறு சாவி வாங்கி வைத்து, தள்ளுபடி முடிந்ததும் விற்கிறார். வேறொருவர் விலை குறைவான நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்கிறார். இவற்றில் சில கடையின் விதிமுறையை மீறுபவை, ஆனால் யார் பணமும் திருடு போகவில்லை. பிரச்சினை நாலாவது ஆளிடம் இருக்கிறது. அவர் கையில் இருப்பது வேறொருவரின் கிரெடிட் கார்டு எண்.

கார்டு எண்ணைத் திருடியவனுக்குப் பெரிய தலைவலி, அதைப் பணமாக்குவது. டிவி வாங்கினால் டெலிவரிக்கு முகவரி வேண்டும். கேம் சாவிக்கு முகவரி வேண்டாம், லாரி வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். பணம் கட்டிய சில நொடியில் மின்னஞ்சலில் வந்துவிடும். வந்ததை உடனே சந்தைத் தளத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். அவனுக்கு அடக்க விலை பூஜ்யம் என்பதால் பாதி விலையும் முழு லாபம்தான். நம் ஊரில் கார்டு என்றால் ஓடிபி வரும் என்று பழகிவிட்டோம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும், காலாவதித் தேதியும், பின்பக்கத்து மூன்று இலக்கமும் இருந்தாலே போதும். (ரிசர்வ் வங்கி 2020 அக்டோபர் முதல், புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்தே தர வேண்டும், வேண்டுமென்றால் வாடிக்கையாளர் திறந்துகொள்ளட்டும் என்று சொன்னதற்கு இந்த மாதிரித் திருட்டுகளும் ஒரு காரணம்.)

அடுத்த கட்டம்தான் கவனிக்க வேண்டியது. கார்டுக்குச் சொந்தக்காரர் மாதக் கணக்கைப் பார்க்கிறார். தெரியாத செலவு இருக்கிறது, வங்கியில் புகார் கொடுக்கிறார். இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. வங்கி அந்தப் பணத்தை விற்ற கடையிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் சார்ஜ்பேக். எடுப்பதோடு விடுவதில்லை; ஒவ்வொரு புகாருக்கும் கடைக்காரர் தலையில் ஒரு தனிக் கட்டணமும் விழும். வூப் சொன்ன கணக்குப்படி அவர்களுக்கு அது சராசரியாக 20 டாலர். 2016-இல் ஃபேக்டோரியோவின் விலையும் 20 டாலர்தான். சரக்கும் போய், விற்ற காசும் போய், அதற்கு மேல் கேமின் முழு விலை அளவுக்கு அபராதம் வேறு. இப்படி 300-க்கு மேற்பட்ட சாவிகளால் சுமார் 6,600 டாலர் கட்டணமாகவே போனது என்று 2019-இல் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். கார்டுக்காரருக்குப் பணம் திரும்ப வந்துவிட்டது. திருடனுக்குப் பங்கு கிடைத்துவிட்டது. சந்தைக்குக் கமிஷன். வாங்கியவருக்கு மலிவாக ஒரு கேம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது போல, மொத்தச் சுமையும் கேமைச் செய்தவன் தலையில் இறங்கியது.

இதனால்தான் 2019-இல் ஒரு விநோதம் நடந்தது. ‘டிசென்டர்ஸ்’ கேமை வெளியிட்ட நோ மோர் ரோபாட்ஸ் நிறுவனத்தின் மைக் ரோஸ், ஜி2ஏவில் வாங்குவதற்குப் பதிலாக எங்கள் கேமைத் திருட்டுத்தனமாகவே இறக்கிக்கொள்ளுங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். கோபத்தில் உளறியது போலத் தெரியும். கணக்குப் போட்டால் சரிதான். டொரண்டில் இறக்கினால் அவருக்கு வரவு பூஜ்யம். திருட்டு கார்டுச் சாவியை வாங்கினால் வரவு பூஜ்யத்துக்கும் கீழே.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2016 ஜூனில், டைனிபில்ட் நிறுவனத்தின் அலெக்ஸ் நிச்சிபோர்ச்சிக் இதே புகாரை எழுப்பியிருந்தார். அவர்களின் சொந்தக் கடை சார்ஜ்பேக்குகளால் திணறியது. அதே கேம்கள் ஜி2ஏவில் ஜோராக விற்றுக்கொண்டிருந்தன. முழு விலையில் கணக்கிட்டால் 4,50,000 டாலர் மதிப்புள்ள சாவிகள் அங்கே விற்றிருக்கின்றன, எங்களுக்கு ஒரு காசு வரவில்லை என்றார். எந்தச் சாவிகள் திருடு போனவை என்று பட்டியல் கொடுங்கள் என்றது ஜி2ஏ. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் விற்பவர் சாவியை எங்கே வாங்கினார் என்று விற்பனைக்கு வைக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டியது யார்? பொருளைப் பறிகொடுத்தவன்தான் தடயமும் கொண்டுவர வேண்டும் என்றால், அந்தச் சந்தைக்கு விசாரிக்காமல் இருப்பதே லாபம். என் பார்வையில் இந்தத் தளங்களின் குறை அவை திருடுகின்றன என்பதல்ல. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு வசதியாகக் கட்டப்பட்டிருந்தன என்பது.

2019 ஜூலையில், திருட்டுச் சாவி எங்கள் தளத்தில் விற்றது என்று தணிக்கையில் நிரூபணமானால் நஷ்டத்தின் 10 மடங்கு தருகிறோம் என்று ஜி2ஏ அறைகூவல் விட்டது. வூப் 321 சாவிகளின் பட்டியலைக் கொடுத்தது. வெளியார் தணிக்கை என்று தொடங்கிய பேச்சு, பொருத்தமான தணிக்கையாளர் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஜி2ஏவின் உள்விசாரணையில் போய் முடிந்தது. அதிலேயே 198 சாவிகள் பிடிபட்டன. 20 டாலர் வீதம் 3,960. பத்து மடங்கு 39,600. இந்த அறைகூவல் வெளிவந்த அதே சமயத்தில்தான் இன்னொன்றும் அம்பலமானது. கேம் சந்தைகளில் திருட்டுச் சாவி விற்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று வாதாடும் ஒரு கட்டுரையை, விளம்பரம் என்று குறிக்காமல் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும்படி கேம் செய்தித் தளங்களுக்கு ஜி2ஏவிலிருந்து மின்னஞ்சல் போயிருந்தது. ஒரு பத்திரிகையாளர் அதைப் பொதுவெளியில் போட்டுவிட, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இனி வாங்குகிறவர் பக்கம். நேரடியான ஆபத்து, சாவி ரத்தாவது. ஸ்டீமில் தயாரிப்பாளர் நினைத்தால் ஒரு குறிப்பிட்ட சாவியை முடக்கலாம். முடக்கினால் கேம் நம் பட்டியலிலிருந்து போய்விடும். 2013-இல் ‘நேச்சுரல் செலக்‌ஷன் 2’ கேமின் 1,341 சாவிகளை அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இப்படி ரத்து செய்தது. திருட்டு கார்டில் வாங்கியவை என்பதுதான் காரணம். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட், ‘ஃபார் க்ரை 4’ உள்ளிட்ட கேம்களைப் பலரின் கணக்கிலிருந்து எடுத்தது. மோசடிக் கார்டுகளைக் கொண்டு இஏ நிறுவனத்தின் ஆரிஜின் கடையில் வாங்கி, பிறகு மறுவிற்பனைத் தளங்களில் விற்ற சாவிகள் அவை என்று விளக்கம் வந்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏற்கெனவே கேமைத் திறந்து விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் சில நாளில் திரும்பக் கொடுத்தது யூபிசாஃப்ட். அது பெரிய நிறுவனம், கெட்ட பெயருக்கு அஞ்சி நஷ்டத்தை விழுங்க முடிந்தது. நாலு பேர் சேர்ந்து நடத்தும் கடை என்ன செய்யும்?

சிறிய நிறுவனங்கள் ரத்து செய்யவே தயங்குவதும் இதனால்தான். எந்தச் சாவி திருட்டு கார்டில் போனது என்று தேடிப் பிடிப்பதற்குள் அது அப்பாவி ஒருவரின் கையில் இருக்கும். ரத்து செய்தால் அவர் திட்டுவது சந்தையை அல்ல, கேமைச் செய்தவரை. அந்தத் திட்டு ஸ்டீம் விமர்சனமாகக் காலத்துக்கும் நிற்கும். ஆகவே பல திருட்டுச் சாவிகள் கடைசி வரை வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன. “பத்து கேம் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையாகவே ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பத்தில் எத்தனைக்கு வேறு யாரோ அபராதம் கட்டினார்கள் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சாவி வேலை செய்யாவிட்டால் முறையிடவும் இடம் குறைவு. ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியே வாங்கிய சாவிக்கு வால்வ் பணம் திரும்பத் தராது. தளத்தில் புகார் கொடுத்தால் விற்றவரைக் கேளுங்கள் என்பார்கள். ஒரு காலத்தில் ஜி2ஏ ‘ஷீல்டு’ என்று தனிச் சந்தா வைத்திருந்தது. வாங்கிய பொருள் வேலை செய்யும் என்ற உறுதிக்கு மாதா மாதம் கட்டணம்! 2017 ஏப்ரலில் ‘புல்லட்ஸ்டார்ம்’ மறுபதிப்புக்காக ஜி2ஏவுடன் கைகோத்த கேம் நிறுவனம் கியர்பாக்ஸ், எதிர்ப்பு கிளம்பியதும் சில நிபந்தனைகள் விதித்தது: இந்தப் பாதுகாப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடு, மறைவான கட்டணங்களை நிறுத்து, திருட்டுச் சாவிகளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தயாரிப்பாளர்களுக்கு வழி செய். பதில் திருப்தியாக இல்லை, கியர்பாக்ஸ் விலகிக்கொண்டது. பிறகு ஜி2ஏ தனிநபர் விற்பனையாளர்களைக் குறைத்து, பதிவு பெற்ற வணிகர்களை நோக்கி நகர்ந்தது. முன்னைவிட மேல் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் சாவியின் முதல் வாசல் எது என்பதை வாங்குகிறவரிடம் யாரும் காட்டுவதில்லை.

திருட்டு கார்டு இல்லாமலே நடக்கும் மோசடி ஒன்று எனக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்தே தரும். கேம் வெளியாகும் வாரத்தில் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல்கள் குவியும்: நான் யூடியூபர், நான் ஸ்டீம் க்யூரேட்டர் (ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைப்பவர்), விமர்சனம் போட 3 சாவி அனுப்புங்கள். பிரபல சேனலின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலி முகவரியில் கேட்பவர்களும் உண்டு. கிடைக்கும் சாவிகள் நேராகச் சந்தைக்குப் போகும். 2022-இல் ‘ப்ராக் தி இன்வெஸ்டிகேட்டர்’ கேமை கவ்கேட் என்ற நிறுவனப் பெயரில் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர், இப்படிக் கேட்ட க்யூரேட்டர்கள் சிலருக்கு, கேமின் முன்னுரைப் பகுதியை மட்டும் திறக்கும் சாவிகளை அனுப்பிவைத்தார். உண்மையிலேயே விளையாடியிருந்தால் அரை வழியில் நிற்கிறதே என்று எழுதிக் கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. பிற்பாடு சிலர் கேமுக்கு எதிராகக் குறிப்பெழுதினார்கள். அந்த அரைச் சாவியை முழுக் கேம் என்று நம்பி எங்கோ ஒருவர் காசு கொடுத்திருந்தால், அவருக்கு வாய்த்ததும் முன்னுரை மட்டும்தான்.

நாட்டு விலை விவகாரம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஸ்டீம் 2015 இறுதியில் இந்தியாவுக்கு ரூபாய் விலையைக் கொண்டுவந்தது. இலங்கைக்குத் தெற்காசிய டாலர் விலைப்பட்டியல் இருக்கிறது. இரண்டுமே பல கேம்களுக்கு அமெரிக்க விலையைவிடக் குறைவு. இங்கே வாங்கி ஐரோப்பாவில் விற்றால் லாபம் என்பதால், விலை குறைந்த நாடுகளின் சாவிகளை அந்த நாட்டுக்குள் மட்டும் திறக்கும்படி பூட்டுகிறார்கள். மலிவாக வாங்கிய சாவி டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ திறக்காமல் போக இதுதான் காரணம். விபிஎன் போட்டுத் திறந்துவிடலாம் என்று விற்பவரே வழி சொல்வார். இருப்பிடத்தை மறைப்பது ஸ்டீமின் ஒப்பந்தத்தை மீறுவது. சிக்கினால் ஒரு கேமோடு போகாது, மொத்தக் கணக்குக்கே கட்டுப்பாடு வரலாம். அர்ஜெண்டினா, துருக்கி கணக்கு வைத்து மலிவாக வாங்குவது ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. வால்வ் 2023 நவம்பரில் அந்த இரு நாட்டு நாணய விலையையே நீக்கி டாலருக்கு மாற்றியது. நாணயத்தின் ஏற்ற இறக்கம் என்பது சொல்லப்பட்ட காரணம். விலையேற்றத்தைச் சுமந்தது அந்த நாட்டில் உண்மையாக வசிப்பவர்கள்.

இதையெல்லாம் சொல்வதால் கேம் நிறுவனங்கள் அப்பழுக்கற்றவை என்று ஆகாது. போலந்து, செக், ஹங்கேரி, ருமேனியா, பால்டிக் நாடுகள் முதலியவற்றில் விற்ற சாவிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் திறக்க முடியாமல் பூட்டியது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் 5 பதிப்பாளர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அதிகாரபூர்வமாக வாங்கினாலும் கிடைப்பது உரிமம்தான், உடைமை அல்ல. யூபிசாஃப்ட் தன் ‘தி க்ரூ’ கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியபோது, முழு விலை கொடுத்தவர்களுக்கும் அது விளையாட முடியாத கேமாயிற்று. கிரே மார்க்கெட் ஆட்கள் இதைக் காட்டி வாதாடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயம் திருட்டு கார்டைக் கழுவித் தராது.

கழுவுவது என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன்; திருட்டுப் பணத்தை நல்ல பணமாக்குவதற்கும் அதுதான் பெயர். 2019 அக்டோபரில் வால்வ் தன் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ கேமுக்குள் விற்கும் பெட்டிச் சாவிகளை (கேமில் வரும் பரிசுப் பெட்டிகளைத் திறப்பவை) கைமாற்ற முடியாதபடி செய்தது. சந்தையில் விற்கப்படும் அல்லது மாற்றிக்கொள்ளப்படும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று கருதுகிறோம் என்பது அப்போது வால்வ் சொன்ன காரணம். அது கேம் சாவி அல்ல, வேறு ரகம். ஆனாலும் உடனே கிடைப்பது, எல்லோருக்கும் வேண்டியது, முன்கதை இல்லாதது என்ற மூன்று குணமும் சேர்ந்த பொருள் எங்கே போய் முடிகிறது என்பதைக் கடைக்காரரே சொன்ன தருணம் அது.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஸ்டீமில் 1,000 ரூபாய்க்கு இருக்கும் கேம் சந்தைத் தளத்தில் 850 ரூபாய்க்கு நிகரான யூரோவில் இருக்கிறது என்று வையுங்கள். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் 60 ரூபாய் ஏறுகிறது. 910 ரூபாய் வெளிநாட்டு நாணயத்தில் போவதால் வங்கி 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 947 சொச்சம். மிச்சம் சுமார் 50 ரூபாய். ஸ்டீமிலோ யூபிஐயில் கட்டலாம், கார்டு எண்ணைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் திரும்பக் கொடுக்கலாம். கோடைத் தள்ளுபடி வரை பொறுத்தால் அதே கேம் பல நேரம் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். டெலிகிராமில் 200 ரூபாய்க்கு விற்கும் ‘ஆஃப்லைன் ஆக்டிவேஷன்’ இன்னும் மோசம். அதில் சாவிகூடக் கிடையாது; ஒரே ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்குக் கொடுக்கிறார்கள். முதலில் கணக்கைத் தொடங்கியவர் பணம் கட்டிய ஆதாரத்தைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம்.

மலிவான கடை எல்லாமே சந்தேகத்துக்குரியது என்றும் இல்லை. இஸ்தேர்எனிடீல் என்ற விலை ஒப்பீட்டுத் தளம், சாவிகளைப் பதிப்பாளர்களிடமிருந்து நேராகப் பெறும் கடைகளை மட்டும் காட்டுவதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அதில் தேடினால் பாதி விலைக்கு நேர்மையான சாவிகளே நிறையக் கிடைக்கும். வேறு கடையில் பார்த்தால், அந்தக் கேமின் பதிப்பாளர் தன் தளத்தில் அந்தக் கடையைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே கேமுக்கு ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் பல விலை போட்டிருந்தால் அது சந்தை.

ஃபேக்டோரியோவைப் பற்றி ஒரு தகவலைச் சொல்ல விட்டுவிட்டேன். வூப்காரர்கள் தள்ளுபடியே கொடுப்பதில்லை என்ற கொள்கை உடையவர்கள். தீபாவளிக்கும் கிடையாது, கிறிஸ்துமஸுக்கும் கிடையாது. 20 டாலரில் தொடங்கிய விலை 2018-இல் 30 ஆனது, 2023-இல் 35 ஆனது; கீழே இறங்கவே இல்லை. 2016-இல் அந்தக் கேமை விலை குறைத்துக் காட்டிய ஒவ்வொரு பக்கத்திலும், அந்தக் குறைத்த விலையை வைத்தது கேமைச் செய்தவர்கள் அல்ல.